லைஃப் கோச்சிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம்?

குன்னூரில் வேலை பார்ப்பதாகவும், அடுத்து என்ன செய்வதென்று புரியாமல் லைஃப் கோச் ஒருவரிடம் போகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கோத்தகிரி பக்கம். அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டத்தை நானே பார்ப்பதா, குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போவதா என்ற இழுபறியில் இருந்தபோது, ஒரு கோச்சிடம் சில மாதங்கள் வீடியோ காலில் பேசினேன். எனக்கு ரொம்பவே உதவியது.

முதலில் ஒன்று. லைஃப் கோச் உங்களுக்கு வழி சொல்ல மாட்டார், கேள்வி கேட்டுக் கேட்டு உங்களையே முடிவெடுக்க வைப்பார். 'நான் என்ன செய்யட்டும்?' என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டே பழகிய நமக்கு இது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். முதல் பேச்சு பெரும்பாலும் கட்டணம், எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுவது, பேசியது வெளியே போகாது என்கிற உறுதி, உங்களுக்கு எது மாற வேண்டும் என்பதோடு முடிந்துவிடும்.

வேலை அதற்கப்புறம்தான். இலைக்கு விலை இல்லை, பறிக்க ஆள் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். "போன வருஷம் எல்லாச் செலவும் போகக் கையில எவ்வளவு நின்னுச்சு?" என்று கேட்டார். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. ஃபேக்டரி பில், பறிகூலி, உரம், கவாத்துச் செலவு எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தால், சரிவில் இருக்கும் கீழ்ப் பகுதிதான் கூலியைத் தின்றுகொண்டிருந்தது. மேல் பகுதி நன்றாகவே கொடுத்திருக்கிறது. அடுத்த முறை நோட்டைப் பார்த்துவிட்டு, "தோட்டத்தை விட மனசில்லைன்னு சொல்றீங்க. அது உங்க ஆசையா, அப்பாவுக்காகவா?" என்று கேட்டு நிறுத்தினார். நான் வாய் திறக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஆசைதான் என்று எனக்கே உறைத்தது அப்போதுதான். கீழ்ப் பகுதியைக் குத்தகைக்கு விட்டேன், மேல் பகுதியை நானே பார்க்கிறேன்.

அவர் கொடுக்கும் வேலையைச் செய்யாமல் அடுத்த பேச்சுக்குப் போனால் உங்கள் காசுதான் வீண்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, சாக வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது என்றால் கோச்சிடம் போகாதீர்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நல்ல கோச் என்றால் அவரே உங்களை அங்கே அனுப்பிவிடுவார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். லைஃப் கோச்சுக்கு இங்கே அப்படி எந்த உரிமமும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். 1995-இல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு சான்று தருகிறது. அதில் முதல் படியான ஏசிசி வாங்கவே 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்டால், முதல் மாதத்துக்கு மட்டும் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர் நமக்கு வேண்டாம்.