காரணம் கேட்காத இசை

வணக்கம் சார்,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போக வர ஆகும் நேரத்தில்தான் பாட்டு கேட்பேன். கல்லூரியில் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவில் ஆரம்பித்தது, இப்போது டிப்ரெசிவ் பிளாக் மெட்டல், அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல் என்கிறார்களே, கிடார் இரைச்சலும் அலறலுமான இசை, அதில் வந்து நிற்கிறது. பர்ஸம், ஸாஸ்தர், பேசாஜ் திவேர் மாதிரி ஒற்றை ஆள் குழுக்கள். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூடப் புரியாது. ஆனால் பத்து நிமிஷப் பாட்டு முடியும்போது மனசு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

ஒருநாள் அக்கா ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "யாரையோ உயிரோட அறுக்கற மாதிரி இருக்கு, இதைக் கேட்டுட்டு உனக்கு எப்படிடா தூக்கம் வருது?" என்றாள். உண்மையில் இதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது. அன்றிலிருந்து வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு வாழ்க்கையில் பெரிய துயரம் எதுவும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு விரக்தியான இசை பிடிக்கிறது? "நம்ம ஒப்பாரி மாதிரிதான்" என்கிறார் ஒரு நண்பர். சரியா? இன்னொன்று. பர்ஸம் என்ற பெயரில் இசைத்தவர் ஒரு கொலைகாரர் என்று பிறகுதான் தெரிந்தது. அவரைத் தொடர்ந்து கேட்பது தப்பா?

ஆர்., ஓசூர்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "பெரிய துயரம் எதுவும் இல்லை" என்ற வரி. நீங்கள் அதைப் புதிர்போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் விடையாகத் தெரிகிறது.

நம் சினிமாவின் சோகப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதும் ஒரு வழக்கு இருக்கும். காதலி வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பாள், தம்பி சொத்தைப் பிரித்திருப்பான், அம்மா செத்திருப்பாள். துயரம் யாரால் வந்தது, அது எவ்வளவு அநியாயம் என்று பல்லவியிலேயே சொல்லிவிடுவார்கள். நாமும் பாதிக்கப்பட்டவன் பக்கம் நின்று அழுவோம். எனக்கும் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு காரணமும் இல்லாமல் மனம் இறங்குகிறதே, அதற்கு அந்தப் பாட்டில் இடமில்லை. வீட்டிலும் இடமில்லை. "என்னாச்சு?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்றால் நம்பமாட்டார்கள். கடைசியில் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகவே தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்கும் இசை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதன் ஈர்ப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதில் கதை இல்லை, குற்றவாளி இல்லை, நம் அனுதாபத்தைக் கோரும் ஆளும் இல்லை. துயரம் அங்கே ஒரு தட்பவெப்பம்போல இருக்கிறது. நாம் அதற்குள் போய்விட்டு வரலாம்.

இதனால்தான் ஒப்பாரியோடு ஒப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பாரியில் முன்னிலை உண்டு. இறந்தவரைப் பெயரும் உறவும் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் என்ன வாங்கித் தந்தார், எந்தத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார் என்று வரிசையாக வரும். சந்தடிசாக்கில் நாத்தனாருக்கும் கொழுந்தனுக்கும் நாலு குத்தல் விழும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அது கூடிப் பாடுவது. டிப்ரெசிவ் பிளாக் மெட்டலோ பெரும்பாலும் ஒற்றை ஆள் பூட்டிய அறைக்குள் செய்வது. கிடார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் அவரே. பலர் மேடையேறுவதே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அலறல் மட்டும்தான். அதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். பிளாக் மெட்டல் கிடாரிஸ்ட் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு விடமாட்டார். அதே தந்தியை மேலும் கீழுமாக மிக வேகமாக அடித்துக்கொண்டே இருப்பார். ட்ரெமலோ என்று சொல்வது இதைத்தான். டிரம்ஸில் காலும் கையும் மாறி மாறி விழும் பிளாஸ்ட் பீட். எல்லோரும் அசுர வேகத்தில் இருக்கிறார்கள். ஆனால் அடியில் ஓடும் ஸ்வரக்கோவை, அதாவது கார்ட், மிக மெதுவாகத்தான் மாறும். சில பாடல்களில் இரண்டு மூன்று கோவைகளே பத்து நிமிடத்துக்கும் திரும்பத் திரும்ப வரும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது இறக்கை நின்றுவிட்டதுபோலத் தெரியுமே, காதுக்கு அதுதான் நடக்கிறது. வேகம் ஒரு கட்டத்தில் அசைவின்மையாகக் கேட்கிறது. மனச்சோர்வு சார்ந்த கிளைவகைக்காரர்கள் டிரம்ஸின் வேகத்தையும் இறக்கிவிடுவார்கள். அப்போது கிடாரின் நடுக்கம் மட்டும் மேலே மிதக்கும்.

அதோடு டிஸ்டார்ஷன். கிடாரின் ஒலியை அது நசுக்கும்போது அசல் ஸ்வரத்தோடு மேல் அதிர்வுகளும் கிளம்புகின்றன. இரண்டு கிடார்கள் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து எதிரொலியில் கலங்கும்போது, யாரும் வாசிக்காத ஒரு மெட்டு இரைச்சலுக்குள் கேட்கத் தொடங்கும். அதைக் கேட்கிறவர் தன் மனத்திலிருந்தே எடுத்து நிரப்புகிறார் என்றுகூடச் சொல்லலாம். ஒரே பாட்டை நீங்களும் அக்காவும் கேட்டு, உங்களுக்கு ஏக்கமும் அவருக்கு இறைச்சிக்கடையும் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழகாத காது இரைச்சலோடு நின்றுவிடும்.

ஒலிப்பதிவு மோசமாக இருப்பது பணமில்லாததால் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் அது தேர்வு. பர்ஸமின் ஃபிலோஸோஃபெம் என்ற தட்டு 1993 மார்ச்சில் பதிவானது. அதைச் செய்த வார்க் விகர்னெஸ், இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு ஒரு ஹெட்செட் மைக்கில் கத்தியிருக்கிறார். கிடாரை முறையான ஆம்ப்ளிஃபையரில் செருகாமல் வீட்டு ஸ்டீரியோ வழியாக ஓட்டியிருக்கிறார். முதல் பாடலில் அந்தக் கொரகொரப்பின்மேல் கீபோர்டில் சில ஸ்வரங்கள் மட்டும், குழந்தை வாசிப்பதுபோல எளிமையாக, வந்துகொண்டே இருக்கும். அதே தட்டில் கீபோர்டை மட்டும் வைத்து 25 நிமிடம் ஓடும் ஒன்றும் உண்டு. அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தவர்கள் கையைத் தூக்கலாம், நான் பாதியில் எழுந்து போனவன். டார்க்த்ரோன் என்ற நார்வே குழு 1994-இல் வெளியிட்ட டிரான்சில்வேனியன் ஹங்கர் தட்டும் இதே பள்ளிதான். ஃபென்ரிஸ் என்பவர் நான்கு டிராக் பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிந்தார். குரல் மட்டும் இன்னொருவருடையது.

குரலைப் பற்றி. அக்கா சொன்னது பிழையில்லை, அது அறுபடும் குரல்தான். ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சினிமாப் பாட்டில் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் பின்னால் ஒதுங்கி வழிவிடும். இங்கே குரல் கிடாருக்கு அடியில், தூரத்தில், புதைந்து கிடக்கிறது. ஸாஸ்தரில் சில இடங்களில் அது மனிதக் குரல் என்பதே சந்தேகமாகிவிடும். அந்த ஆள் உங்களைப் பார்த்துக் கத்தவில்லை. உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அது பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சியோடு சேர்ந்துகொள்கிறது, நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் அதோடு இருக்க முடிகிறது.

நார்வே, பனி, ஊசியிலைக் காடு என்று இந்த இசைக்கு ஒரு நிலப்படம் ஒட்டிக்கொண்டது. ஃபிலோஸோஃபெமின் அட்டையில் இருப்பது தியோடோர் கிட்டெல்சென் என்ற நார்வே ஓவியர் 1900-இல் வரைந்தது, மலைவெளியில் நீண்ட மரக்கொம்பை ஊதும் ஓர் உருவம். பேசாஜ் திவேர் சுவிட்சர்லாந்துக்காரர், அவருக்குப் பனி நிஜமாகவே வாசலில் இருக்கும். ஆனால் ஸாஸ்தர் என்ற பெயரில் அத்தனை இருட்டையும் செய்த ஸ்காட் கானர் இருந்தது லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய அல்ஹாம்ப்ராவில். வெயிலும் நெடுஞ்சாலையுமான ஊர். ஆஸ்டேர் என்ற இருவர் குழு ஆஸ்திரேலியாவின் வொலங்காங் கடற்கரையிலிருந்து வந்தது. பிரேசிலிலும் இந்த இசைக்கு ஆட்கள் உண்டு. ஆக, அந்தக் குளிர்காலம் செய்யப்பட்ட ஒன்று. பனியையே பார்த்திராத நீங்கள் அதில் போய் இருக்க முடிவதில் அதிசயமில்லை. கானரைப் பற்றி ஒரு செய்தி உண்டு: சன் ஓ என்ற குழுவின் 2005 தட்டுக்காக, மூடிய இடங்களுக்குப் பயப்படும் அவரைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்துப் பாட வைத்தார்கள். கேட்டால் கொஞ்சம் சிரிப்பும் வரும். இந்த உலகில் நாடகமும் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

உங்கள் வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. மெட்டல் போன்ற தீவிர இசையின் ரசிகர்கள் 39 பேருக்குக் கோபமூட்டும் நினைவுகளைப் பேசவைத்து, பிறகு பாதிப்பேரைத் தங்கள் இசையைக் கேட்கவிட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். இசை கோபத்தை ஏற்றவில்லை, கேட்டவர்கள் தணிந்தார்கள். 2019-இல் தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் சோதித்தபோது அவர்கள் சோக இசையையே அதிகம் தேர்ந்தார்கள். காரணமாகச் சொன்னது, அது தங்களை அமைதிப்படுத்துகிறது என்பது. இரண்டுமே சின்ன ஆய்வுகள், இவற்றை வைத்து யாரையும் வாதத்தில் வெல்ல முடியாது. இசையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்ற அளவுக்குச் சொல்லலாம். பார்க்க வேண்டியது வேறு: சாப்பாடு, தூக்கம், வேலை, நண்பர்கள். இதைக் கேட்காத நாளில் தூங்கவே முடியாமல் போனால், செத்துவிடலாம் என்ற நினைப்புக்குத் துணையாக நீங்கள் பாட்டைத் தேடினால், உடனே பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதாலேயே சொல்லாமல் விடவும் மனமில்லை.

ஏனென்றால் இந்த இசையின் ஒரு பக்கம் எனக்கு அருவருப்பைத் தருவது. மேஹெம் என்ற நார்வே பிளாக் மெட்டல் குழுவின் பாடகர் 1991-இல் 22 வயதில் தற்கொலை செய்துகொண்டார். இறந்து கிடந்த அவருடைய புகைப்படம் சில ஆண்டுகள் கழித்துத் திருட்டுத்தனமாக வெளியான ஓர் இசைத்தட்டுக்கு அட்டையானது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு வந்த குழுக்களில் சில, கீறிய கைகளையும் கத்தியையும் அட்டையில் போட்டு அதையே தகுதிச்சான்றாக்கின. இங்கே துயரத்துக்கு மறுபடி ஓர் ஆளும் கதையும் வந்துவிடுகின்றன, பார்வையாளர்களும் வந்துவிடுகிறார்கள். இரத்தம் காட்டிச் சம்பாதிக்கும் எந்தக் கலையையும்போல அது சீக்கிரமே சலித்தும் போகிறது. அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தள்ளிவிடுங்கள்.

கடைசியாக விகர்னெஸ். 1993 ஆகஸ்டில் மேஹெமின் கிடாரிஸ்டைக் கொன்றார். அதற்காகவும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994-இல் 21 ஆண்டு தண்டனை பெற்றார், நார்வே சட்டத்தில் அப்போது அதுதான் உச்சம். ஃபிலோஸோஃபெம் 1996-இல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். 2009-இல் வெளியே வந்தார். இனவெறிக் கருத்துகளை அவர் மறைத்ததும் இல்லை. "கலைஞன் வேறு, கலை வேறு" என்று சொல்லி இதைக் கடந்துபோவது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. நான் மேலே புகழ்ந்த அதே குணம்தான், அதாவது ஆள் தெரியாது, வார்த்தை புரியாது என்பதுதான், இங்கே ஆபத்தாகவும் இருக்கிறது. என்ன விஷத்தைக் கத்தினாலும் கேட்கிறவனுக்குத் தெரியாது. அந்த மறைவில் நாஜிச் சரக்கை விற்ற குழுக்கள் உண்மையிலேயே உண்டு. ஆகவே புதிய குழு ஒன்று பிடித்தால் அவர்களின் வரிகளையும் பேட்டிகளையும் ஒருமுறை தேடிப் படியுங்கள். பர்ஸமைப் பொறுத்தவரை, தட்டை நான் இன்னும் கேட்கிறேன், அவருக்குக் காசு போகும் வழியில் கேட்பதில்லை. இதில் ஒரு வழுக்கல் இருப்பது எனக்கும் தெரிகிறது. நீங்கள் வேறு முடிவெடுத்தால் உங்களோடு வாதாட மாட்டேன்.

விகர்னெஸ் இல்லாமலும் இந்த இசைக்கு நிறைய இடம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியாவைச் சேர்ந்த வுல்வ்ஸ் இன் தி த்ரோன் ரூமின் 2007 தட்டு டூ ஹண்டர்ஸை முதலில் கேளுங்கள். நான்கே பாடல்கள், கடைசியது 18 நிமிடம். அக்காவுக்கு ஏதாவது போட்டுக் காட்ட வேண்டுமென்றால் பிரான்ஸின் அல்செஸ்ட் அதே 2007-இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பத்தைக் கொடுங்கள். கிடார் இதே ட்ரெமலோதான், குரலில் அலறல் இல்லை. பஸ் இரைச்சலை மீறுவதற்காக மட்டும் ஒலியளவை ஏற்றாதீர்கள். இந்தப் பதிவுகளில் கீச்சென்ற மேல் அதிர்வுகளே அதிகம், காது அதை ரொம்ப நாள் தாங்காது.

அன்புடன்.