காய்கறிப் பையில் கேமரா – கடிதம்

வணக்கம் சார்,

மோதல் பகுதிகளில் வேலை செய்யும் புகைப்படச் செய்தியாளர்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்லும் ஒரு காணொளி பார்த்தேன். குண்டு, துப்பாக்கி பற்றிக் கொஞ்சம்தான் பேசினார்கள். கடைவீதி, கல்யாணம், பள்ளிக்கூடம் என்றே பேச்சு சுற்றி வந்தது. இது நழுவல் இல்லையா? இன்னொன்று, அடிபட்டவரைப் படமெடுக்கிற கை ஏன் அவரைத் தூக்குவதில்லை?

கா., திருநெல்வேலி

அன்புள்ள கா.,

எனக்கு அது நழுவலாகத் தோன்றவில்லை. சண்டைக்கு நடுவே படமெடுக்கத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே உள்ள வரியை மறைத்துவிட்டால் அது எந்த ஊர் என்றே பல நேரம் தெரியாது. புகையும் ஓடும் மனிதர்களும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள்.

காஷ்மீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்ட் 5 அன்று சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது இணையம், கைபேசி, தரைவழித் தொலைபேசி எல்லாமே முடக்கப்பட்டன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் தார் யாசினும் முக்தார் கானும் காய்கறிப் பைக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு, தடுப்புகளைச் சுற்றிப் போய்ப் படமெடுத்தார்கள். சில சமயம் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஒதுங்கினார்கள். எடுத்த படத்தை அனுப்ப வழி? விமான நிலையத்துக்குப் போய், டெல்லிக்குப் புறப்படும் பயணிகளைக் கெஞ்சிக் கேட்டு, படங்களைக் கொடுத்தனுப்பினார்கள். நாம் ஊருக்குப் போகிற பஸ் டிரைவரிடம் பார்சல் கொடுத்துவிடுவது போலத்தான். 2020இல் அவர்கள் இருவருக்கும் அதே நிறுவனத்தில் ஜம்முவின் சன்னி ஆனந்துக்கும், பத்திரிகைத் துறையின் பெரிய அமெரிக்க விருதான புலிட்சர் கிடைத்தது. படங்களைச் சுமந்துபோன பயணிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

அந்த மாதங்களில் பள்ளத்தாக்கில் கடைகள் பகலெல்லாம் மூடிக் கிடந்தன. காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் திறப்பார்கள். அரசு கடையைத் திறக்கச் சொன்னது, மூடியிருந்ததுதான் எதிர்ப்பு. நண்பகலில் இழுத்து மூடிய ஒரு ஷட்டரை நீங்களோ நானோ எடுத்தால் அது வெறும் கடை. தினமும் அங்கே ரொட்டி வாங்குகிறவருக்குத்தான் அது செய்தி என்று தெரியும். போருக்குப் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறவர் என்று ஓர் உருவத்தை நாம் மனதில் வைத்திருக்கிறோம். தார் யாசினும் முக்தார் கானும் எங்கும் போகவில்லை. அது அவர்கள் தெரு.

உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் உண்டு. பனி, சினார் மரம், ஏரியில் ஷிகாரா படகு என்று எடுத்துத் தள்ளுகிறார்களே, அது சுற்றுலா விளம்பரம். அன்றாடம் என்ற பெயரில் அதை விற்பவர்கள் மேல் எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் காஷ்மீரின் புகைப்படச் செய்தியாளர் சன்னா இர்ஷாத் மட்டூவின் படத்தைப் பாருங்கள். காஷ்மீரின் மலைப்பகுதியில் ஓர் இடையருக்குக் கொரோனா தடுப்பூசி போடுகிறார்கள், அவ்வளவுதான். கொரோனா காலப் படங்களுக்காக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவுக்கு 2022இல் கிடைத்த புலிட்சரில் அவருக்கும் பங்கு. விருது வாங்க நியூயார்க் கிளம்பியவரை, விசாவும் டிக்கெட்டும் இருந்தும், டெல்லி விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை என்றார் அவர்.

இரண்டாவது கேள்வி. தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் 1993இல் சூடானில் எடுத்த, குழந்தையும் கழுகும் உள்ள படத்திலிருந்து இது பிறந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பசியில் சுருண்ட குழந்தையைத் தூக்காமல் படமெடுத்தார் என்று அவரைத் திட்டினார்கள். அந்த ஒரு படத்தை வைத்து ஒரு தொழிலையே முப்பது வருடங்களாகக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தூக்கிய கைகளும் உண்டு. 2017இல் ஸ்ரீநகரில் மாணவர் போராட்டத்தில் காயம்பட்ட ஒரு பெண்ணை, படமெடுப்பதை விட்டுவிட்டு இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடினார் ஒருவர். மேலே சொன்ன அதே தார் யாசின்தான். இது நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்த இன்னொரு போட்டோகிராபர் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

அன்புடன்