கணினி கேள்வி–பதில்: புதுத் தளம் ஏற்றினால் பழைய பதிவுகள் போய்விடுமா?

கேள்வி: தையல் பயிற்சி மையம் நடத்துகிறேன். மையத்துக்கு ஒரு இணையதளம் உண்டு. அதற்குள்ளேயே ‘பிளாக்’ என்று தனி ஃபோல்டர் போட்டு, அதில் வேர்ட்பிரஸ் (வலைப்பூ எழுத உதவும் மென்பொருள்) நிறுவி 2014 முதல் எழுதி வருகிறேன், 600 பதிவுகளுக்கு மேல் இருக்கும். இப்போது தெரிந்த பையன் ஒருவர் தளத்தைப் புதிதாக வடிவமைத்திருக்கிறார். “பழசை மொத்தமா டெலீட் பண்ணிட்டு இதை ஏத்திடலாம் அக்கா” என்கிறார். பயமாக இருக்கிறது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: முதலில் அந்தத் தம்பியை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் மட்டும் உள்ள தளம் என்றால் அப்படித்தான் செய்வார்கள், பழசை அழித்துப் புதுசை ஏற்றினால் வேலை முடிந்தது. வேர்ட்பிரஸ் அப்படி இல்லை. நீங்கள் எழுதிய வரிகள் எந்த ஃபோல்டரிலும் ஃபைலாகக் கிடையாது. அவை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் (ஃபோல்டரிலிருந்து தனியாக இருக்கும் தகவல் கிடங்கு), ஒரு அட்டவணைக்குள் வரிசை வரிசையாக இருக்கின்றன, வாசகர்கள் போட்ட கருத்துகள் இன்னொரு அட்டவணையில். ஃபோல்டரில் இருப்பது வேர்ட்பிரஸ் மென்பொருளும், தீம் (தளத்தின் தோற்றம்), பிளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் சின்ன மென்பொருள்கள்), நீங்கள் ஏற்றிய படங்களும்தான். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், தீமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். 2014இல் நீங்கள் செல்போனில் எடுத்த ரவிக்கை வெட்டும் படம்? அது ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும் அந்த ஒரு பிரதிதான்.

உங்கள் விஷயத்தில் வேலை சுலபம். புதிய பக்கங்கள் மாறுவது வெளித் தளத்தில், வலைப்பூ இருப்பதோ உள்ளே ஒரு தனி ஃபோல்டரில். ‘பிளாக்’ ஃபோல்டரைத் தொடாமல் மற்றதை மட்டும் மாற்றினால் போதும். மாற்றப்போகும் அந்தப் பழைய ஃபைல்களையும் அழிக்க வேண்டாம், ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் நகர்த்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்து யாரும் குறை சொல்லவில்லை என்றால் அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் பேக்கப். இரண்டு தனித்தனிப் பேக்கப் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் எஃப்டிபியில் (ஃபைல்களை ஏற்றி இறக்கும் வழி) ஃபோல்டரை மட்டும் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அதில் ஒரு பதிவுகூட இல்லை என்பது தெரியாமலேயே. ஃபோல்டரை ஜிப் செய்து இறக்குங்கள். பிறகு ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி மைஅட்மின் (டேட்டாபேஸைப் பார்க்க உதவும் கருவி) திறந்து, டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள். வருகிற எஸ்க்யூஎல் ஃபைலை நோட்பேடில் திறந்து, கடைசியாக எழுதிய பதிவிலிருந்து ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். வரி கிடைத்து, தமிழ் தமிழாகவே தெரிந்தால்தான் அது பேக்கப்.

வேர்ட்பிரஸ் உள்ளேயே ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது தரும் எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுத்தும் கருத்துகளும்தான் இருக்கும். படங்களின் முகவரி இருக்குமே தவிர படங்கள் இருக்காது. வேறு இடத்தில் இம்போர்ட் செய்யும்போது படங்களையும் சேர்த்து இறக்கச் சொல்லி டிக் செய்தாலும், அது பழைய தளத்துக்குப் போய்த்தான் எடுத்து வரும். பழைய தளத்தை அழித்துவிட்டு இம்போர்ட் செய்தால் கட்டங்கட்டமாக வெற்றிடம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, இது நான் சூடுபட்டுக் கற்றது. ஒருமுறை என் தளத்தை மடிக்கணினியில் பிரதியெடுத்து, மூன்று வாரம் உட்கார்ந்து தோற்றத்தையெல்லாம் மாற்றி, ஃபைல், டேட்டாபேஸ் இரண்டையும் ஒருசேரத் திரும்ப ஏற்றினேன். தளம் பளபளவென்று இருந்தது. அந்த மூன்று வாரத்தில் சர்வரில் நேரடியாக எழுதிய நான்கு பதிவுகளையும் அவற்றுக்கு வந்த கருத்துகளையும்தான் காணோம், என் பழைய டேட்டாபேஸ் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, நானே செய்துகொண்டது. அன்றிலிருந்து வீட்டுக் கணினியிலிருந்து சர்வருக்குத் தீம் ஃபைல்கள் மட்டும்தான் போகும். டேட்டாபேஸ் சர்வரிலிருந்து வீட்டுக்கு வரும், திரும்பிப் போகாது.

கேள்வி: எனக்கு இந்த அறிவுரை தாமதம். தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் போன வாரம் அழித்துவிட்டுப் புதுத் தளம் ஏற்றினேன். ஏழு வருட எழுத்து. ஏதாவது வழி உண்டா? (வாசகர், ஓசூர்)

பதில்: அழித்தது ஃபைல்களை மட்டும்தானே? அப்படியானால் உங்கள் பதிவுகள் இந்த நிமிடம்கூட டேட்டாபேஸில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிஎச்பி மைஅட்மின் திறந்து பாருங்கள், ‘போஸ்ட்ஸ்’ என்று முடியும் அட்டவணை இருக்கிறதா? இருந்தால் உடனே எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தனி ஃபோல்டரில் புதிய வேர்ட்பிரஸ் ஃபைல்களைப் போட்டு, வேர்ட்பிரஸின் அமைப்பு விவரங்கள் உள்ள ‘டபிள்யூபி-கான்ஃபிக்’ ஃபைலில் பழைய டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, அட்டவணைகளின் முன்னொட்டு (‘போஸ்ட்ஸ்’ என்பதற்கு முன்னால் உள்ள எழுத்துகள்) ஆகியவற்றைச் சரியாகக் கொடுங்கள். முன்னொட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் புதிதாக நிறுவச் சொல்லிக் கேட்கும், பதறிப்போய் ‘ஓகே’ அழுத்தாதீர்கள். பழைய முகவரியில் இல்லாமல் வேறு ஃபோல்டரில் போடுவதால், தள முகவரியையும் அதே கான்ஃபிக் ஃபைலில் குறிப்பிட வேண்டும்.

படங்கள் மட்டும் இப்படி வராது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள், பல நிறுவனங்கள் சில நாட்களுக்கான பேக்கப்பை வைத்திருக்கும், நாளாக ஆக அது மேலெழுதப்பட்டுப் போய்விடும். அங்கேயும் இல்லையென்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். கூகுள் கேஷில் (கூகுள் வைத்திருந்த பக்கப் பிரதி) எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வசதியை 2024இல் எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சலில் உங்கள் பதிவுகளைப் பெறும் நண்பர் இருந்தால் அவர் இன்பாக்ஸ் ஒரு புதையல்.

கேள்வி: சர்வர் மாற்றினேன். பதிவுகள் வந்துவிட்டன, ஆனால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகின்றன. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: நம்மவர்கள் அனேகமாக எல்லோரும் ஒருமுறையாவது பார்த்த காட்சி. பதிவைத் திறந்து சேமித்துத் தொலைக்காதீர்கள், சேமித்தால் கேள்விக்குறியே நிரந்தரமாகிவிடும். டேட்டாபேஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் சரியாக இருந்தால் கோளாறு இணைப்பில்தான், கான்ஃபிக் ஃபைலில் எழுத்துக் குறியீட்டு முறை (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் விதம்) ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று இருக்கிறதா என்று சரிபார்த்தால் தீர்ந்துவிடும். உள்ளேயும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் அந்தப் பிரதி வீண், பழைய சர்வரிலிருந்து அதே எழுத்துக் குறியீட்டு முறையில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கேள்விக்குறிக்குப் பதில் தலையில் கொம்பு வைத்த ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வந்தால் சந்தோஷப்படுங்கள், ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளை மூன்று தனி எழுத்துகளாகப் படித்திருக்கிறது, பெரும்பாலும் மீட்டுவிடலாம். மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய நேரலாம் என்பதால், பழைய சர்வருக்கான சந்தாவை இன்னும் ஒரு மாதம் நீட்டித்து வைப்பது நல்லது.

கேள்வி: எல்லாம் சரியாக ஏற்றிவிட்டேன். முகப்புப் பக்கம் வருகிறது, எந்தப் பதிவைத் தொட்டாலும் ‘404’ (பக்கம் இல்லை) என்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: பதிவின் முகவரியை வேர்ட்பிரஸிடம் கொண்டுசேர்க்கும் ‘எச்டிஆக்ஸஸ்’ ஃபைல் விட்டுப்போயிருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதால் பல மென்பொருள்கள் அதை மறைத்தே வைக்கும், காப்பி செய்யும்போது கண்ணில் படாது. செட்டிங்ஸில் ‘பெர்மாலிங்க்ஸ்’ (பதிவு முகவரிகளின் அமைப்பு) பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் ‘சேவ்’ மட்டும் அழுத்துங்கள், பெரும்பாலும் அந்த ஃபைலைத் தானே எழுதிக்கொள்ளும்.

அங்கே போன கையோடு முகவரி அமைப்பை அழகுபடுத்தலாம் என்று ஆசைப்படாதீர்கள். மாற்றினால் மற்றவர்கள் கொடுத்திருக்கும் இணைப்புகள் அறுந்துபோகக்கூடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிகளுக்கு ‘301’ திருப்பிவிடல் (அங்கே வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு வையுங்கள். தலைப்பைத் தமிழில் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது, இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடம் பிடிக்கும், ‘கொ’ என்பதே இரண்டு குறி (‘க’ ஒன்று, அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று). நீளமான தலைப்பு 22 குறிகளோடு பாதியில் வெட்டுப்பட்டுவிடும். அந்த வெட்டுப்பட்ட முகவரியைத்தான் கூகுள் அறியும், எனவே இடம் மாறும்போது அதை அப்படியே கொண்டுபோக வேண்டும், முழுசாக்கித் திருத்தக் கூடாது.

கேள்வி: நான் கூகுளின் பிளாகரில் எழுதுகிறேன். டெம்ப்ளேட் (தீம்) மாற்றினால் பதிவுகள் போகுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: போகாது. ஓரப் பட்டையில் நீங்கள் சேர்த்த கேட்ஜெட்டுகள் (சின்னப் பெட்டிகள்) சில காணாமல் போகலாம், அவ்வளவுதான். ஆனால் தீம் பக்கத்தில் இறக்கும் பேக்கப் தோற்றத்துக்கு மட்டுமே. பதிவுகளுக்கான பேக்கப் செட்டிங்ஸில் தனியாக இருக்கிறது. முதலாவதை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவதும் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு, இன்றைக்கே போய் எது உங்களிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.