இரவு 11 மணி ஃபோனைக் காலைக்கு மாற்றுங்கள்

கேள்வி: மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து 5 மாதம். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு எரிகிறது என்கிறார், நித்திரையே இல்லை. இரவு 11 மணிக்குத்தான் தாயாருடன் கதைப்பார், படுக்க 2 மணியாகும். ஈசிஜி சரி. மனநல வைத்தியரிடம் போனால் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) பறிபோய்விடும் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயம் போகவேண்டும். மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்ததற்காக யாருடைய பிஆரையும் பறிப்பதில்லை. குடியுரிமை விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. குடும்ப வைத்தியர் அனுப்பினால் மனநல வைத்தியரின் கட்டணத்தை ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) கொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் எங்கள் கண்ணில் பட்டது அந்த 11 மணிதான். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு இரவு 11 என்றால் அங்கே காலை 9.30. அம்மா சமையலைத் தொடங்கியிருப்பார், பக்கத்து வீட்டுக் குரல் கேட்கும், வெயில் தெரியும். ஃபோனை வைத்தபின் இங்கே இருட்டும் ஹீற்றர் சத்தமும்தான். நித்திரை எப்படி வரும்? பிந்திப் படுத்துப் பகல் 11க்கு எழும்பினால், டிசம்பரில் மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும் ஊரில் அவருக்குக் கிடைக்கும் வெளிச்சமே கொஞ்சம். அந்த ஃபோனைக் காலை 8 மணிக்கு மாற்றுங்கள். ஊரில் மாலை 6.30, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஜன்னலோரம் இருந்து கதைக்கட்டும், முடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடக்கட்டும்.

உடம்பு எரிவு நடிப்பல்ல. நம்மவர்களுக்கு மனவருத்தம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். 'கவலையா?' என்று வைத்தியர் கேட்டால் 'இல்லை' என்பார். ஈசிஜியோடு விஷயம் முடிந்துவிடும். அதனால் 14 நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: படுத்த நேரம், விழித்த நேரம், எத்தனை வேளை சாப்பிட்டார், எத்தனை தடவை அழுதார். வைத்தியரிடம் அதைக் கொடுத்து, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாக்கொத்தைக் கேளுங்கள். ஒன்பதே கேள்வி, மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை பற்றிப் பேசவேண்டும். தைராய்டு, இரும்புச்சத்து, பி12 பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இவற்றின் குறையும் இதே சோர்வைத் தரும்.

தயவுசெய்து நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். கணவன் முன்னால் சொல்லமுடியாதவை இருக்கும், உங்களைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். நேரம் பதியும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

மருந்து தந்தால் முதல் வாரம் குமட்டலும் பதற்றமும் வரலாம். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் எடுக்கும். பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய பிழை.

'இருந்தென்ன பயன்' என்று அவர் சொன்னால், சாக யோசிக்கிறாரா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அங்கே பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதால், அப்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் அவசர எண் 911.