கெட்டிக்காரன் என்ற பட்டம்

கேள்வி: என் மகன் தரம் பத்தில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே வகுப்பில் முதலாம், இரண்டாம் பிள்ளை. இந்தத் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 48 புள்ளி. ரிப்போர்ட்டைப் புத்தகப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். கேட்டால் பதில் இல்லை, அறைக் கதவும் சாத்தியே கிடக்கிறது. என் கணவரோ ஒன்பது ஏ எடுத்த பெரியம்மா மகளையே சொல்லிக் காட்டுகிறார். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வர என்ன செய்யலாம்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, எனக்குக் கவலை தந்தது அந்த 48 அல்ல. ரிப்போர்ட் பைக்கு அடியில் போனதுதான். "எங்கட மகன் கெட்டிக்காரன்" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. கெட்டிக்காரன் 48 எடுக்க மாட்டான் என்றால் தான் யார் என்று அவனுக்கே பயம் வந்திருக்கும்.

1998இல் குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். புதிர்களைச் செய்து முடித்த பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லோருமே தடுமாறினார்கள். ஆனால் புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். அடுத்து இலேசான புதிர்கள் வந்தபோதும் முன்பு செய்த அளவுக்குச் செய்யவில்லை. தங்கள் புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உங்கள் மகனின் பை நினைவுக்கு வருகிறதா?

அதற்காக நாளை முதல் "முயற்சி செய் மகன்" என்று தொடங்கிவிடாதீர்கள். ரியூசனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு. கொஞ்சம் ஆறியதும் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்தக் கணக்குச் சரி வந்தது, பிழைத்தது எந்த வரியில் என்று அவனே காட்டட்டும். அநேகமாக இரண்டு மூன்று பாடப் பகுதிகளில்தான் சிக்கல் இருக்கும். "கணக்கு வராது" என்பதும் "கேத்திர கணிதத்தில் இந்த இடம் விளங்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்லத் தெரிந்துவிட்டால் ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம்.

நித்திரையையும் பாருங்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பருவ மாற்றத்தால் நித்திரை வரும் நேரமும் பிந்தும். இரவு ஒன்பதுக்கு ரியூசன் முடிந்து, காலை ஆறுக்கு ஸ்கூல் வேன் என்றால் எப்படித் தலை வேலை செய்யும்? ஒரு வகுப்பையாவது நிறுத்துங்கள்.

பெரியம்மா மகளின் பேச்சு வீட்டில் இனி வேண்டாம். இதைக் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள், மகனுக்கு முன்னால் அல்ல. தான் தோற்ற கதை ஒன்றை அவரே சாப்பாட்டு மேசையில் சொன்னால் இன்னும் நல்லது.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பதினைந்து வயதுப் பிள்ளை வாய் திறக்காது. பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு நடவுங்கள். முதல் சில நாட்களுக்குப் புள்ளிப் பேச்சே எடுக்க வேண்டாம். பிறகு ஒரு நாள், "ரிப்போர்ட்டை ஒளிக்கிற அளவுக்குப் பயந்திருக்கிறாய், அதில் எங்கட பிழையும் இருக்கு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் நடவுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, நித்திரை, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியே இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உயிரை வெறுத்து ஒரு சொல் சொன்னாலோ, ஒரு நாளும் காத்திருக்காமல் அழையுங்கள்.