மாமியார் வீட்டில் குழந்தையின் முதல் கிறிஸ்மஸ்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அக்டோபரில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். மூன்று மாதமாவது அம்மா வீட்டில் இருக்கலாம் என்றிருந்தேன். "பேரனுக்கு முதல் கிறிஸ்மஸ் நம்ம வீட்லதான்" என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்று, டிசம்பர் பிறந்ததுமே கூட்டி வந்துவிட்டார். துபாயில் இருக்கும் கணவரும், "அம்மா ஆசைப்படுறாங்க, போயேன்" என்றுதான் போனில் சொன்னார். பண்டிகைக்கு லீவில் வருகிறார்.

வந்ததிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. முந்திரிக்கொத்து உருட்ட வருகிறவர்கள், குடில் வைக்க வருகிறவர்கள், எல்லாரும் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார்கள். டாக்டர் கூடாது என்றார் என்று சொன்னால், "நாங்க வளக்காத பிள்ளையா" என்கிறார் மாமியார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கேரல் குழு டிரம்மோடு வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோய்க் காட்டினார். என்னிடம் கேட்கவே இல்லை. பால் போதவில்லை என்று வந்தவர்கள் முன்னால் சொல்கிறார். எல்லாருக்கும் துணி எடுத்தாயிற்று, எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் அறை மாடியில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் படி இறங்குவதில்லை. கீழே போட்டுவிடுவேனோ, நானே கையை விட்டுவிடுவேனோ என்று கண்முன் அப்படியே வருகிறது. அதனால் மாமியாரைக் கூப்பிடுவேன். அதற்கும், "சொந்தப் பிள்ளையத் தூக்க ஆள் வேணுமாம்" என்று பேச்சு.

கேரல் அன்று என்னிடம் கேட்காததுதான் ஆறவில்லை. இப்போது 24-ம் தேதி நள்ளிரவுப் பூசைக்கும் பிள்ளையைக் கொண்டுபோவாராம். கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அம்மா வீட்டுக்கே போய்விடலாமா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கேரல் இரண்டு தடவை வருகிறது. படிக்கட்டு ஒரே தடவை, அதுவும் மாமியாரின் பேச்சைச் சொல்லப்போகிற வழியில். நான் படிக்கட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

"நானே கையை விட்டுவிடுவேனோ" என்பதை இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொன்னால் 'இவளெல்லாம் தாயா' என்பார்களே என்ற பயம் இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களில் மிகப் பலருக்கு இப்படி வேண்டாத எண்ணங்கள் வருகின்றன. கத்தியைக் கண்டால், தண்ணீரைக் கண்டால், படியைக் கண்டால் வரும். அப்பாக்களுக்கும் வருவதுண்டு. அப்படி ஒரு எண்ணம் வந்ததால் அதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று ஆகாது. வந்ததும் பதறி, பிள்ளையைப் பத்திரமான கையில் கொடுக்கிறீர்கள். உங்கள் மனசு என்ன என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

ஆனால் இதை இப்படியே விடக்கூடாது. படியை ஒதுக்க ஒதுக்கப் பயம் பெரிதாகும். இன்று படி, நாளை குளிப்பாட்டுவது என்று போகும். பிரசவமான முதல் இரண்டு வாரத்து அழுகையும் கலக்கமும் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டியாயிற்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பேசியே குணப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. அதுவரை டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. 'செய்' என்று குரல் கேட்டாலோ, நாள்கணக்கில் தூங்காமலும் களைப்பே தெரியாவிட்டாலோ, பிள்ளையிடம் ஏதோ கெட்டது இருப்பதாகத் தோன்றினாலோ, உங்கள் உயிரையே முடித்துக்கொள்ளத் தோன்றினாலோ, தனியாக இருக்காதீர்கள். பிள்ளையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி மாமியார். முத்த விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் சரி. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தூங்குகிற பிள்ளையைக் கேட்காமல் தூக்கிப்போனதும் தவறு. ஆனால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மாடியேறி வந்து பிள்ளையைப் பத்திரமாக இறக்குவதும் அதே மாமியார்தான். ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதபோது சோம்பல் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? துணியின் நிறத்தையும் குற்றக் கணக்கில் சேர்த்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. உள்ளே கிடக்கும் பயத்தைத் திரும்பிப் பார்க்க முடியாமல், அவர் குறைகளை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் படுகிறது.

அம்மா வீட்டுக்குப் போகலாம், ஓய்வு கிடைக்கும். கோபித்துக்கொண்டு போனால் இந்தப் பயமும் கூடவே வரும், அதையும் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருப்பீர்கள். கணவர் வந்து இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி போனில் பேசும்போது அவர் அம்மாவைப் பற்றிய புகாரைத் தள்ளிவைத்துவிட்டு, படிக்கட்டில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள். உடனே டாக்டரைப் பார்க்க உங்கள் அம்மா துணைக்கு வரட்டும். லீவில் வந்ததும் அடுத்த தடவை அவரே கூட வரட்டும். நள்ளிரவுப் பூசைக்குப் பிள்ளை வேண்டாம் என்பதையும் அவரே தன் அம்மாவிடம் சொல்லட்டும். அது மகன் சொல்ல வேண்டிய வார்த்தை.