காப்புக்காட்டுக்குள் வாய்க்கால் வெட்டலாமா?

கேள்வி: பிச்சாவரத்தில் படகில் சென்றபோது, அலையாத்திக் காட்டின் நடுவே கயிறு பிடித்து வெட்டியதைப் போன்ற நேரான வாய்க்கால்களைக் கண்டோம். அவை வனத்துறை வெட்டியவை என்று படகோட்டி கூறினார். காப்புக்காட்டைக் காக்க வேண்டியவர்களே அதைத் தோண்டுவது முறையா?
– வாசகர் ஒருவர், விருத்தாசலம்

பதில்: முறைதான். அந்த வாய்க்கால்கள் இல்லையென்றால், நீங்கள் அங்கே கண்ட மரங்களில் பல இன்று இருந்திருக்கமாட்டா.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்துள்ள இக்காட்டை ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை ‘கூப்பு’களாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பாக முற்றிலும் வெட்டி விறகாக்கினார்கள். காட்டுக்குக் கேடு அன்றுதான் நேர்ந்தது. நிழல் போனதும் சேற்று நிலம் வெயிலில் காய்ந்து இறுகி, நடுவில் தாம்பாளம்போலக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வடிய வழியின்றி அங்கேயே தேங்கி ஆவியாக, எஞ்சிய உப்பு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது. உப்பைத் தாங்கப் பிறந்த வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றித்தான் அது உயிர் வாழ்கிறது. அந்த மரமே முளைக்க மறுத்த பொட்டல்களை வெறும் நடவினால் மீட்டுவிட முடியாது.

ஆகவேதான் 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டினார்கள். நாள்தோறும் வந்து திரும்பும் ஓதநீர் உப்பைக் கழுவிச் சென்ற பிறகே அவற்றின் கரைகளில் கன்றுகள் பிடித்தன. ஆனால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்தால் பழைய கதைதான். நட்ட கன்றுகளின் கணக்கைச் சொல்லி மகிழும் நாம், தூர்வாரும் செலவை ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில் காட்டை நம்பி வாழ்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் அமர்ந்து, வேர்களின் இடுக்கில் வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு, நீரோட்டம் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும்.

கேள்வி: சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தை இப்போது எங்கே காணலாம்?
– வாசகி ஒருவர், சீர்காழி

பதில்: நடராசர் கோயிலின் தலமரமான தில்லை, பிச்சாவரத்தில் இன்றும் வளர்கிறது. மற்ற அலையாத்தி மரங்களில் காணும், மரத்தைத் தாங்கி நிற்கும் முட்டுவேரோ, சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் மூச்சுவேரோ இதற்கு இராது. உதிரும் முன் இலைகள் சிவக்கும். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.